நான் வழுக்கி விழவில்லை, சாமு

சாமு,

இந்தக் கடிதத்தை உன் டிபன் பைக்குள், டப்பாவுக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன். கையில் கொடுத்தால், "அப்பறம் படிக்கறம்மா" என்று சட்டைப் பையில் மடித்துப் போட்டு, சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிடுவாய். டப்பாவுக்கு அடியில் என்றால் அந்தப் பயம் இல்லை. காலையில் சாம்பியன் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறி, மாலூர் வருவதற்குள் மத்தியானச் சாப்பாட்டில் பாதியைக் காலி செய்கிற ஆள் நீ. ஒன்பது வருஷமாக நடக்கிற இந்தத் திருட்டு எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எலுமிச்சை சாதம் வைக்கிற நாளில் உன் பெட்டியில் வரும் சீட்டாட்டக் கூட்டத்துக்கும் அதில் பங்கு போகிறது என்பதுகூடத் தெரியும். நாளைக்கும் எலுமிச்சை சாதம்தான். கிளறப்போவது உன் அப்பா. அதனால் யாரும் பங்குக்கு வரமாட்டார்கள், நிம்மதியாகப் படிக்கலாம்.

இடது கை மாவுக்கட்டில் கிடக்கிறது. வலது கையால் எழுதுகிறேன். தாள் நகராமல் இருக்க அதன் தலையில் உப்பு டப்பாவை வைத்திருக்கிறேன். உன் அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னா எழுதிக்கினே இருக்கற, உயிலா?" என்று கேட்டார். உயில் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம் என்றேன். "அப்டின்னா எனக்கும் அதுல ஒரு பங்கு வருமே" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் டீ போடப் போய்விட்டார். அவருக்கு என்ன பங்கு என்பது கொஞ்ச நேரத்தில் உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை உன் ஆபீசில் புனே வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ இல்லை என்று சொல்லப் போகிறாய். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். ஷீலா நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அவர் முடிவே பண்ணிட்டாரு அத்தை, நீங்க ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ கேட்டாயே, "இனிமே நீ சொல்றத எப்படிம்மா நம்பறது? நல்லா இருக்கேன்னு நீ ஃபோன்ல சொன்னா, அத நம்பி நான் அங்க தூங்கணுமா?" என்று. நீ கேட்டதும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பதில் இருந்தது. நீளமான பதில், அதுவும் எனக்குத் துளியும் பெருமை தராத பதில். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷம் ஈசிஜி எடுத்தவள். அந்த நர்சிங் ஹோமில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையில், ஊரில் பாதிப் பேருடைய நெஞ்சில் ரப்பர் குமிழ் ஒட்டியிருக்கிறேன். நெஞ்சு வலி என்று வருகிறவர்களைவிட எலும்பு முறிந்து வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம் வேலை வைத்தார்கள். வயதானவர்களுக்கு எலும்பைச் சேர்த்து வைக்க மயக்க ஊசி போட வேண்டும் என்றால், அதற்கு முன்னால் இதயம் எப்படி ஓடுகிறது என்று ஒரு தாளில் பார்த்துவிடுவார்கள். வலியில் துடிக்கிறவர்களுக்கு எப்படியும் வேகமாகத்தான் ஓடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் சில பேருடைய தாளில், இடுப்பெலும்பு ஏன் முறிந்தது என்ற கதையே எழுதியிருக்கும். ஒரு துடிப்பு, இரண்டு துடிப்பு, பிறகு நீளமாக வெறும் கோடு. அந்த இடைவெளியில்தான் மனிதர் கீழே விழுந்திருப்பார். கேட்டால் சொல்லமாட்டார். குளியலறையில் சோப்பு, வாசலில் பாசி, மாடிப்படியில் வாழைப்பழத்தோல். நம் ஊரில் மயங்கி விழுந்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, சாமு. எல்லோரும் வழுக்கித்தான் விழுந்தார்கள்.

அதனால் ஜெல்லியைத் தடவிக்கொண்டே நான் ஒரு கேள்வி கேட்பேன். "விழுந்தப்பறம் கண்ணு இருட்டுச்சா, கண்ணு இருட்டி விழுந்தீங்களா?" நந்திதுர்க் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டின் இஞ்சினை ஓட்டியவர், இடுப்பு முறிந்து வந்தார். இந்தக் கேள்வியைக் கேட்டதும் கட்டிலில் படுத்தபடியே என்னை முறைத்தார். "இன்னாம்மா, என்ன அன்ஃபிட் பண்ணப் பாக்கறியா?" என்றார். அப்போது சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு ஓட்ட இஞ்சினும் இல்லை, இறங்க ஷாஃப்ட்டும் இல்லை, எதற்கு அன்ஃபிட் ஆவது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய தாளில் அந்த நீளக் கோடு இருந்தது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் இதயத்தைச் சரிசெய்து, பிறகு இடுப்பைச் சரிசெய்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "காட்டிக்குடுத்த மகராசி" என்று கும்பிட்டார். திட்டினாரா, வாழ்த்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவரைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது. நான் வளர்ந்த வீட்டிலும் அதே கதைதான். உன் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, ஒருமுறை கால் பெருவிரல் முறிந்து, அது கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. காட்டினால் ஷிஃப்ட்டிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனார். தினமும் காலையில் அந்தத் துணியைச் சுற்றிவிட்டது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. நொண்டாமல் நடந்து காட்டுவார், தெரியுதா என்று கேட்பார், தெரியவில்லை என்பேன். சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த எங்கள் லைன் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஜெபம் கற்றுக் கொடுக்கும் முன்னால் இதைக் கற்றுக் கொடுத்துவிடுவார்கள். உடம்பில் எது உடைந்தாலும் முகத்தில் காட்டாதே. அந்தப் பாடத்தில் மட்டும் நான் வகுப்பில் முதல்.

இன்னொரு பாடம் நானே வேலையில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. சேர்ந்த புதிதில், இங்கே பக்கத்தில் பாலகாட்டிலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். முன்கை முறிந்து, விரலிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டு. மணிக்கட்டில் கிளிப் போட இடமில்லை. மேலே தோளுக்குப் பக்கத்தில் போட வேண்டும், அந்தப் பக்கம் மேலே போட்டால் இந்தப் பக்கமும் அதே இடத்தில் போட வேண்டும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். அந்த அம்மா வலியில் நடுங்கிக்கொண்டே இருந்ததால் கோடு பூராவும் முள்முள்ளாக வந்தது. கழற்றினேன், மறுபடி போட்டேன், மறுபடி கழற்றினேன். மூன்றாவது தடவை பதற்றத்தில் வலது கை ஒயரை இடது பக்கமும் இடது கை ஒயரை வலது பக்கமும் மாட்டிவிட்டேன். தாளில் முதல் வரிசையே தலைகீழாக விழுந்தது. அதைப் பார்த்த புது டாக்டர், இதயம் வலது பக்கம் இருக்கலாம் என்று வாய்தவறிச் சொன்னார். வெளியே நின்ற மருமகள் காதில் அது விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பாலகாட் முழுக்க, அந்த அம்மாவுக்கு இதயம் இடம் மாறிவிட்டது என்று பேச்சு. மாமியார் மருமகள் சண்டையில்தான் மாறியது என்று சொன்னவர்களும் உண்டு. மறுநாள் நான் சரியாக எடுத்துக் கொடுத்தேன், இதயம் சமர்த்தாக இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அசடு வழிய டாக்டர் முன்னால் நின்றேன். அன்றிலிருந்து, தாளில் விசித்திரமாக எதைப் பார்த்தாலும் முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுவேன். கிளிப் லூசாக இருக்கிறதா, ஒயர் மாறிப்போச்சா, ஜெல்லி காய்ந்துபோச்சா. நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கத்தையே வைத்து என்னை நான் ஏமாற்றிக்கொள்வேன் என்று அப்போது தோன்றவில்லை.

போன வருஷம் உன் கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. ஆண்டர்சன்பேட் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், கண்ணைத் திறந்தபோது வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கடைக்காரம்மா தண்ணீர் கொடுத்து, "வெயிலு பாருக்கா" என்றாள். மேகம் போட்ட நாள் அது. ஆமாம், வெயில்தான் என்று நானும் சொன்னேன். அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சர்ச்சில், பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே முட்டி மடங்கிக் கீழே போய்விட்டேன். சில விநாடிதான் இருக்கும். கண் திறந்தபோது பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் எனக்காகத் தலைகுனிந்திருந்தார்கள். மகன் கல்யாணத்துக்காக நான் உருகி முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்களாம். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "உங்க விசுவாசம் எனக்கு வராதுக்கா" என்றார். தேவனுடைய வீட்டிலேயே நின்று அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். இதற்கு எனக்குத் தனியாகக் கணக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் நர்சிங் ஹோமுக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இருக்கிற ரெஜினாவைப் பார்க்கப் போவதாக உன் அப்பாவிடம் சொன்னேன். அவள் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, நானே கட்டிலில் படுத்து, நானே எனக்குக் கிளிப் மாட்டி, நானே பட்டனைத் தட்டினேன். முப்பது வருஷத்தில் என் இதயத்தை நான் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் ஓடியது. சின்ன மேடு, பின்னாலேயே உயரமான கோடு, சின்ன மேடு, உயரமான கோடு. பிறகு ஒரு சின்ன மேடு வந்தது. உயரமான கோடு வரவில்லை. கதவைத் தட்டியும் உள்ளே இருப்பவர் எழுந்து வராத மாதிரி. மறுபடி இரண்டு ஒழுங்காக வந்தன. மறுபடி ஒன்று விட்டுப்போனது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? கிளிப் லூசு. ரெஜினா உள்ளே வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "யாருதுக்கா இது, உடனே டாக்டர்கிட்ட காட்டணுமே" என்றாள். "என்துதான்டி, கிளிப் லூசா இருக்குது, நீ மெஷினை ஒழுங்கா வெச்சுக்கறதே இல்ல" என்று அவளையே திட்டினேன். பாவம், அவள் உட்கார்ந்து கிளிப்பையெல்லாம் துடைக்க ஆரம்பித்தாள். நான் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, குக்கர் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். கிளிப் லூசானால் ஒரு மேடுகூட ஒழுங்காக வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். சொன்னால் நீ கல்யாணத்தைத் தள்ளிப் போடுவாய். ஷீலா வீட்டில் மண்டபம் பேசிப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். இந்தக் காரணத்தை நான் எல்லோரிடமும் சொல்லலாம், கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் கல்யாணம் முடிந்து பத்து மாதம் ஆகியும் ஏன் சொல்லவில்லை? பயம், சாமு. வேறு ஒன்றும் இல்லை. ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் நெஞ்சைப் பற்றி இன்னொருத்தர் வாயால் கேட்கப் பயம். இனி தனியாக மார்க்கெட் போகாதே, அடுப்பு முன்னால் நிற்காதே, நாற்காலியில் உட்கார் என்று நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவீர்கள் என்று பயம். அந்த இஞ்சின் டிரைவர் சொன்ன வார்த்தைதான். வீட்டுக்குள்ளேயே அன்ஃபிட் ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

இப்போது சமையலறைக்கு வருகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, நீயும் ஷீலாவும் பங்காருப்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தீர்கள். நான் இட்லிக்கு ஊறப்போட அரிசி எடுத்தேன். அவ்வளவுதான் நினைவு. கண் திறந்தபோது உன் அப்பா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. அந்த நிலையிலும் உன் அம்மா வாயைத் திறந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பையனுக்கு ஃபோன் போடுங்க, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க." அவர் தரையைப் பார்த்தார். "தரை காஞ்சு கெடக்குதே" என்றார். "அப்ப ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க" என்றேன்.

ஊற்றினார். இதுதான் அவருடைய பங்கு. அழுதுகொண்டே எழுந்து, குழாயில் பிடித்து, சிங்க்கிலிருந்து கதவு வரைக்கும் தாராளமாக ஊற்றினார். ஒரு சொம்பு போதும் என்றேன். பதற்றத்தில் இரண்டு ஊற்றிவிட்டார். நீ பைக்கை வாசலில் போட்டது போட்டபடி ஓடிவந்தாய், "அம்மா" என்று கதவில் கால் வைத்தாய், அப்படியே சறுக்கிக்கொண்டு போய் கேஸ் சிலிண்டரில் முட்டினாய். அன்றைக்கு அந்த வீட்டில் உண்மையாகவே வழுக்கி விழுந்தது நீ ஒருத்தன்தான். உன் முழங்கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்ததே, அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றியது. ஒருவேளை உன் கையும் உடைந்திருந்தால், தலை சிலிண்டரில் மோதியிருந்தால் என்று பிறகு நினைத்து நினைத்து நடுங்கினேன். ஆனால் அந்த நிமிஷத்தில், வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ எழுந்ததும், "தரையெல்லாம் தண்ணியா வெச்சிருக்கீங்களே, வழுக்காம இன்னா பண்ணும்" என்று அப்பாவைத் திட்டினாய். அவர் தலைகுனிந்து நின்றார்.

மீதி உனக்குத் தெரியும். ஆனால் கட்டிலில் படுத்திருந்த என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது. அந்தக் கன்னட டாக்டர் பெண், உன் வயதைவிடச் சின்னவள், "ஏனாயித்தம்மா?", என்ன ஆச்சும்மா என்று கேட்டாள். "ஜாரி பித்தே" என்று நான் கன்னடத்திலும் வழுக்கி விழுந்தேன். எலும்பைச் சேர்க்கும் முன்னால் ஈசிஜி எடுக்கச் சொன்னாள். ரெஜினா வந்தாள். கட்டு போட்ட கையை அசைக்காமல், தோள்பக்கமாக இரண்டு கைக்கும் ஒரே உயரத்தில் அழகாகக் கிளிப் மாட்டினாள். நான் சொல்லிக் கொடுக்காமலே நன்றாகச் செய்கிறாள் என்று பெருமையாக இருந்தது. தாள் வெளியே வர வர அவள் முகம் மாறியது. தாளை எனக்கு மறைத்துப் பிடித்தாள். நான் தலைகீழாகவே படிப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? மேடுகள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, கோடுகள் தம்பாட்டுக்கு எங்கேயோ ஒன்று எங்கேயோ ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. "அக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்கோங்க" என்றாள். "மூடினா தெறக்குமோ இல்லையோடி" என்றேன். அப்போதுதான் நீ உள்ளே வந்தாய். அவள் உன்னிடம், "போன வருஷம் அக்காவே எடுத்துப் பாத்தாங்களே, அப்ப விட்டு விட்டு வந்துது, இப்ப மொத்தமா வரல" என்று சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நந்திதுர்க் பெரியவருக்கு நான் செய்ததைத்தான் அவள் எனக்குச் செய்தாள். நீ அந்த டாக்டர் பெண்ணைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைதான் கை முறிந்ததைவிட வலித்தது.

பெங்களூரில் தோளுக்குக் கீழே, இதயத்தைத் தட்டி ஓட வைக்கிற பேஸ்மேக்கர் பெட்டி வைத்து அனுப்பினார்கள். மணிக்கட்டையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். பெட்டி நன்றாக வேலை செய்கிறது. இது பூசி மெழுகுவது இல்லை. நேற்று ரெஜினாவிடம் போய் எடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். குக்கர் பெட்டியில் இருந்த பழைய தாளும் அதோடு இருக்கிறது. இரண்டையும் உன் சிநேகிதன் யாராவது டாக்டர் இருந்தால் காட்டு. மயக்கம் ஒருமுறையும் வரவில்லை. இடது தோள் அடியில் இழுக்கிறது, அதைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மாடியில் துணி எடுக்கப் போய் மூச்சு வாங்கியது, அதையும் சொல்லிவிட்டேன். துணி எடுக்கப் போகக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், போனேன், அதுவும் ஆயிற்று. என்னை மூலையில் உட்கார வைப்பீர்கள் என்று பயந்தேனே, பார்த்தால் உன் அப்பாதான் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். உரித்த பூண்டும் நறுக்கிய வெங்காயமுமாக. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறேன். இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று இருக்கிறது.

நீ கல்யாணம் ஆனவன். ஒரு விஷயத்தில் மட்டும் என்னைப் போல் இருக்காதே. போன மாதம் நீ ரயிலில் இடிபட்டு விலா வலித்ததை ஷீலாவிடம் சொல்லாமல், மெதுவாகத் திரும்பிப் படுத்ததை நான் கவனித்தேன். நொண்டாமல் நடந்து காட்டுகிற வித்தை நம் வீட்டில் மூன்றாவது தலைமுறைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அடுத்த நாள் அவள் வாங்கி வந்த தைலம் அவள் முதுகுக்கு என்றா நினைத்தாய்? வலித்தால் வலிக்கிறது என்று சொல். வீட்டில் யாரும் உன்னை ஷிஃப்ட்டிலிருந்து நிறுத்தமாட்டார்கள். அவள் வழுக்கி விழுந்தேன் என்று சொல்கிற நாள் வந்தால், அவள் முகத்தை மட்டும் பார்க்காதே, குனிந்து தரையையும் பார். ஈரமாக இருந்தால் அது எப்போது ஈரமானது என்றும் விசாரி.

இனி உன் கேள்வி. நான் சொல்வதை எப்படி நம்புவது? சத்தியம் பண்ணித் தரலாம், ஆனால் சர்ச்சில் முழங்கால் போட்டவள் சத்தியத்துக்கு என்ன மதிப்பு. அதனால், சொல்வதால் எனக்கு எந்த லாபமும் இல்லாத ஓர் உண்மையைச் சொல்கிறேன், அதை வைத்து நீயே முடிவு செய்துகொள். இந்த மூன்று வாரமும் "தாராளமா போடா, எனக்கு இன்னா வந்துது, கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். நீ புனே போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் நீ செருப்பைத் தேடிக் கத்தாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய் என ஷீலா சொன்னதும், என் மனசுக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதற்காக என்மேல் எனக்கே வெட்கமாக இருந்தது. இதைவிடப் பெரிய உண்மை என்னிடம் இல்லை. போகாதே என்று சொல்ல வேண்டும்போல் எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும். அப்படி இருக்கிறவள்தான் போ என்று சொல்கிறேன். இதையும் நம்பு.

உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. அது வந்த அன்று ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் நீ ஓடி வந்தாய், அதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிட்டு வா. வந்ததும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து, யாருக்கும் மறைக்காமல், வாய்விட்டு அழலாம்.

உன் அம்மா